பொது ஓ.பி.யும் பார்க்கல, மனநல ஓ.பி.யும் பார்க்கல: உடம்புக்கு வந்தா எங்க போறது?

வைகைக்கரை (கேள்வி):

மதுரை, தேனிப் பக்கம் கிராமங்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலை எங்களுடையது. பட்டியலில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சிதைவு, சிலருக்கு இருதுருவக் கோளாறு. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் மாத்திரை கிடைத்துவிடுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடம்பைத்தான் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

மூச்சு வாங்குகிறது என்று பொது ஓ.பி.க்குக் கூட்டிப் போனால், பழைய சீட்டில் ஓலான்சபின் என்ற மனநல மாத்திரை கண்ணில் பட்டதுமே "சைக்கியாட்ரிக்குப் போங்க" என்கிறார்கள். அங்கே போனால் "இது மெடிசின்ல பார்க்கணும்". இதற்குள் மணி பன்னிரண்டு. கூட வந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். பஸ் ஏறிவிடுகிறார்கள்.

நான்கு விஷயம் தெரிய வேண்டும். எந்த மாத்திரைக்கு என்ன டெஸ்ட், எத்தனை மாதத்துக்கு ஒருதரம்? டாக்டர் தானாக எழுதாவிட்டாலும் நாங்கள் கேட்டு வாங்க வேண்டியது எது? பொது ஓ.பி.யில் திருப்பி அனுப்பாமல் பார்க்கவைக்க என்ன கையில் இருக்க வேண்டும்? அடுத்த கேம்ப் நாள்வரை காத்திருக்கவே கூடாத அறிகுறிகள் எவை? "மனநல மருத்துவரை அணுகவும்" என்கிற பதில் மட்டும் வேண்டாம், புண்ணியமாகப் போகும்.

---

இரவுப்பணி:

டெஸ்ட் கணக்கை முதலில் முடித்துவிடலாம். மனச்சிதைவுக்கான மாத்திரை எதுவானாலும் தொடங்கும் அன்று எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், சுகர், கொழுப்பு ஐந்தும் எழுதி வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான சீட்டில் இருக்காது. அப்படியானால் நீங்கள் போய்ப் பார்க்கிற முதல் நாளே தொடக்க நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை முதல் மூன்று மாதம் மாதாமாதம், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருதரம். சுகரும் கொழுப்பும் பிரஷரும் மூன்றாம் மாதக் கடைசியில் ஒருதரம், பிறகு வருடத்துக்கு ஒருதரமாவது. ஓலான்சபின், குளோசபின் இரண்டுக்கும் முதல் மாதக் கடைசியிலேயே சுகர் பார்த்துவிடுவது நல்லது. எடை ஏறாமலேயே சுகர் எகிறுகிற ஆட்கள் உண்டு.

எடையும் சுகரும் ஏற்றுவதில் இந்த இரண்டும்தான் முன்னால் நிற்கும். குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் நடுவில். அரிபிப்ரசோல், ஹாலோபெரிடால் பக்கம் ஏற்றம் குறைவு. தொடக்க எடையில் 5 சதவீதம் கூடினாலே டாக்டரிடம் சொல்ல வேண்டிய அளவு. 60 கிலோ ஆளுக்கு அது 3 கிலோ. "கொஞ்சம் சதை போட்டிருக்கு, நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் சந்தோஷப்படும்போது பெரும்பாலும் இந்த 3 கிலோவைத் தாண்டியிருப்பார்கள்.

இடுப்பு அளப்பதில் எல்லோரும் தப்பு செய்கிற இடம்: வேட்டி முடிச்சு, பாவாடை நாடா இருக்கிற இடத்தில் டேப்பைப் போடுவது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணி இல்லாமல், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. தாண்டினால் சிவப்பு மையில் எழுதுங்கள். இது நம்மவர் உடம்புக்கு வைத்த அளவு. வெள்ளைக்காரர் அட்டவணையில் இருக்கும் 102-ஐப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

வெறும் வயிற்று சுகர் நடைமுறையில் சொதப்பும். விடிகாலை அஞ்சு மணிக்கே டீக்கடைக்குப் போய் வந்திருப்பார், கேட்டால் ஒன்றும் சாப்பிடவில்லை என்பார். அதனால் மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்ட் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு வெறும் வயிறு வேண்டாம், 5.7-க்கு மேல் எச்சரிக்கை, 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ரத்தசோகை அதிகமாக இருந்தால் மட்டும் இந்த எண்ணை நம்பக் கூடாது, அப்போது வெறும் வயிற்று சுகரேதான் வேண்டும், 126 எல்லை.

இன்னொன்று. ஓலான்சபின் சாப்பிடுபவர் இளைத்தால் "உடம்பு குறைஞ்சிருச்சு, நல்லது" என்று விடாதீர்கள். எடை ஏற வேண்டிய மாத்திரையில் ஒருவர் இளைக்கிறார் என்றால் சர்க்கரை கட்டுமீறிப் போயிருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், நம் ஊரில் காசநோயாக இருக்கலாம், அல்லது மாத்திரையே உள்ளே போகாமல் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. காசநோய் என்று வந்து ரிஃபாம்பிசின் தொடங்கினால் மனநல டாக்டருக்கு அன்றே தகவல் போக வேண்டும். ரிஃபாம்பிசின் ஹாலோபெரிடால், குளோசபின், ரிஸ்பெரிடோன் எல்லாவற்றின் அளவையும் ரத்தத்தில் இறக்கிவிடும். நோய் திரும்பிவந்தது போலத் தெரியும். ஆறு மாதம் முடிந்து நிறுத்தும்போது அளவு மறுபடி ஏறும். அந்தத் திருப்பத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

---

தாலுகா டியூட்டி:

பொது ஓ.பி. நாற்காலிப் பக்கமிருந்து எழுதுகிறேன். திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் ஏன் தள்ளிவிடுகிறோம் என்று தெரிந்தால் உங்கள் வேலை சுலபம்.

காலையில் ஓர் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். உள்ளே வருபவர் கோர்வையாகச் சொல்ல மாட்டார், கூட வந்தவர் "இவனுக்கு மண்டை சரியில்ல சார், எட்டு வருசமா மாத்திரை" என்று ஆரம்பிப்பார். அந்த முதல் வாக்கியத்திலேயே டாக்டரின் கவனம் போய்விடும். அதற்கப்புறம் சொல்கிற நெஞ்சு வலி, மூச்சிரைப்பு எல்லாம் "மனசு சம்பந்தப்பட்டது" என்கிற கணக்கில் விழும். தப்புதான். ஆனால் அந்த வாக்கியத்தை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் உடம்புத் தொந்தரவு, அது தொடங்கிய நாள், என்ன மாறியிருக்கிறது, அளந்த எண். "மூணு நாளா படியேறினா மூச்சு வாங்குது, ராத்திரி உட்கார்ந்தே தூங்குறார், நாடி 118, காலில் வீக்கம்." இதைச் சொல்லிவிட்டு அப்புறம் மாத்திரைப் பட்டியலை நீட்டுங்கள். எண்ணோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பக் கை தயங்கும். உங்கள் பையில் ஒரு பிரஷர் மெஷின், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர், தெர்மாமீட்டர், டேப், எடை மெஷின் இருந்தால் போதும். மூச்சை மட்டும் மெஷின் இல்லாமல், ஒரு முழு நிமிடம் வயிறோ நெஞ்சோ ஏறி இறங்குவதை எண்ணுங்கள். அவருக்குத் தெரியாமல் எண்ணினால்தான் சரியாக வரும்.

கையில் வேண்டியது ஒரே ஒரு பக்கம். பெரிய ஃபைல் கொண்டுவராதீர்கள், யாரும் பிரிக்க மாட்டோம். மேலே பெயர், வயது, எந்த நோய், எத்தனை வருடம். நடுவில் இப்போதைய மாத்திரைகள்: பெயர், மி.கி., காலை இரவு, தொடங்கிய மாதம், வாரக்கணக்கில் வேலை செய்யும் நீள்செயல் ஊசியானால் கடைசியாகப் போட்ட தேதி. கீழே கடைசி எடை, இடுப்பு, பிரஷர், சுகர், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்த டெஸ்ட்), இ.சி.ஜி. எடுத்த தேதி. பீடி, சிகரெட் எத்தனை. அலர்ஜி. மனநல டாக்டரின் ஓ.பி. நாளும், அங்கே பேச ஒரு போன் எண்ணும். இந்தப் பக்கத்தைக் கேம்ப் நாளில் மனநல டாக்டரிடமே காட்டி ஒரு கையெழுத்தும் சீலும் வாங்கிவிடுங்கள். சீல் உள்ள தாளை ஓரம் வைக்க ஹவுஸ் சர்ஜனுக்குக் கூடத் தைரியம் வராது.

அப்படியும் "சைக்கியாட்ரிக்குப் போங்க" என்றால் சண்டை போடாமல் ஒன்று கேளுங்கள்: "சரி சார், அதை இந்தச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்க, உடம்பைப் பார்த்தாச்சு, இந்த மூச்சிரைப்புக்கு உடல் காரணம் இல்லைன்னு." எழுத வேண்டும் என்றதும் ஸ்டெதஸ்கோப் காதுக்குப் போகும்.

நோயாளி சொல்வது விசித்திரமாக இருந்தாலும் தள்ளாதீர்கள். "வயித்துக்குள்ள பாம்பு நெளியுது" என்று பல வருடமாகச் சொல்பவர் வேறு. போன வாரத்திலிருந்து அதிகமாகச் சொல்கிறார், சாப்பாட்டை ஒதுக்குகிறார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறார் என்றால் வயிற்றில் கை வைத்தே ஆக வேண்டும். மனச்சிதைவில் வலியைக் காட்டிக்கொள்வது குறைந்துபோகும். குடல்வால் வெடித்த பிறகு வருவதும், மாரடைப்பு வலி சொல்லாமல் வியர்வையும் சோர்வுமாக மட்டும் வருவதும் இதனால்தான். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டு முன்னதாக இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த மரணங்களில் பெரும்பங்கு இதயம், சர்க்கரை, நுரையீரல், தொற்று. என் போன்ற டாக்டர்கள் கேட்காவிட்டால் இதையும் சொல்லுங்கள்.

---

சுக்குமல்லி:

மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு மலச்சிக்கல்தான் பெரிய தொந்தரவு. இதுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம். ராத்திரி இசப்கோல் ரெண்டு ஸ்பூன், பூவன்பழம் ரெண்டு, காலைல வெந்நீர். எங்க தெருவுல எல்லாருக்கும் இதான்.

---

கம்பவுண்டர்:

சுக்குமல்லி, மத்தவங்களுக்குச் சரி. குளோசபின் சாப்பிடுறவங்களுக்கு இசப்கோல் கொடுக்காதீங்க. தயவுசெஞ்சு.

காரணம் இதுதான். இசப்கோல் தண்ணியை இழுத்து ஊதி மலத்தைப் பெருசாக்கும். பெருசான மலத்தைத் தள்ள குடல் அசையணும். குளோசபின் அந்த அசைவையே கட்டிப்போடுது. அளந்து பார்த்ததுல, சாப்பாடு பெருங்குடலைக் கடக்கிற நேரம் சாதாரண ஆளைவிட நாலு மடங்குக்கு மேல ஆகுது. அசையாத குழாய்ல இன்னும் கொஞ்சம் அடைச்சா என்ன ஆகும்? அடைப்பு, வீக்கம், குடல் அழுகல். குளோசபின்னு சொன்னா எல்லாரும் ரத்தத்துல வெள்ளணு குறையுறதுக்குத்தான் பயப்படுறாங்க. இந்தக் குடல் சமாச்சாரத்துலயும் ஆள் போயிருக்காங்க. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020 ஜனவரியில இதுக்குன்னே எச்சரிக்கையைக் கடுமையாக்குச்சு.

கேட்டா "போகுது"ன்னுதான் சொல்வாங்க, அந்தப் பதிலை நம்பக் கூடாது. காலண்டர்ல வீட்டுக்காரங்க தினமும் குறிக்கணும், போன நாளுக்கு ஒரு டிக். ரெண்டு நாள் டிக் இல்லைன்னா மலமிளக்கி கூட்டணும். மூணு நாள் ஆச்சுன்னா, இல்ல வயிறு உப்பியிருக்கு, வாந்தி, வயித்துவலின்னா எந்த நாளா இருந்தாலும் எமர்ஜென்சிக்குத்தான். அங்கே "குளோசபின், குடல் அசைவில்லை, வயித்து எக்ஸ்ரே வேணும்"னு வாயைத் திறந்து சொல்லுங்க. சும்மா எனிமா வச்சு அனுப்பிட்டா மறுநாள் திரும்ப வரவேண்டியிருக்கும். திரவமா ஊத்தினது பேதின்னு நினைச்சு லோபெரமைடு கொடுத்துடக் கூடாது. அடைச்ச மலத்தைச் சுத்தி ஒழுகுற தண்ணியா அது இருக்கலாம்.

மலமிளக்கியா கொடுக்கிறது பைசகோடைல் மாதிரி குடலைத் தூண்டுறது ஒண்ணு, லாக்டுலோஸ் இல்லைன்னா மேக்ரோகால் பவுடர் மாதிரி மலத்தை இளக்குறது ஒண்ணு. குளோசபின் தொடங்குற அன்னைக்கே இதையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேக்கலாம், தப்பே இல்லை. சீட்டுல டிரைஹெக்ஸிபெனிடில் இருக்கான்னும் பாருங்க. கை நடுக்கத்துக்குக் கொடுத்தது நடுக்கம் நின்ன பிறகும் வருசக்கணக்கா ஓடிக்கிட்டே இருக்கும். அதுவும் குடலைக் கட்டும், வாயைக் காய வைக்கும், ஆம்பளைங்களுக்கு மூத்திரத்தை அடைக்கும். நிறுத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

---

வைகைக்கரை:

கம்பவுண்டர் அண்ணே, குளோசபினில் காய்ச்சல் வந்தால் உடனே ரத்தம் பார்க்கணும் என்கிறார்கள். எங்கள் பக்கம் லேப் ரிப்போர்ட்டில் மொத்த எண்ணிக்கை நார்மல் என்று இருந்தால் விட்டுவிடுகிறார்கள். அது போதுமா? அப்புறம், பீடி குடிப்பவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது ஏதோ சிக்கல் என்கிறார்களே?

---

கம்பவுண்டர்:

மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. வெள்ளணுவுல ஒரு வகையான நியூட்ரோஃபில் எத்தனைன்னு கணக்குப் போடணும். ரிப்போர்ட்டுல டோட்டல் கவுண்ட் 4,000, பாலிமார்ஃப்ஸ் (நியூட்ரோஃபிலுக்கு லேப்ல போடுற பேர்) 35 சதவீதம்னு இருந்தா 4,000 x 35 / 100 = 1,400. மொத்தம் "நார்மல்" கட்டத்துல இருக்கு, ஆனா 1,500-க்குக் கீழ வந்தாச்சு. குளோசபினை நிறுத்தி வைக்கணும், அதே நாள் மனநல டாக்டருக்குப் போன். முதல் 18 வாரம் வாராவாரம் இந்த டெஸ்ட், அதுக்கப்புறம் நம்ம ஊர்ல பெரும்பாலும் மாசத்துக்கு ஒருதரம். நடுவுல தொண்டைவலி, காய்ச்சல், வாய்ப்புண் எது வந்தாலும் முறை நாளுக்குக் காத்திருக்காம அன்னைக்கே. முதல் ரெண்டு மாசத்துல காய்ச்சலோட நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, நாடி வேகமா இருந்தா இதயத் தசை வீக்கமா இருக்கலாம். இ.சி.ஜி.யும், இதயத் தசைக்கான ட்ரோபோனின் ரத்த டெஸ்டும் கேக்கணும்.

பீடி விஷயம். பீடி, சிகரெட் புகைதான் கல்லீரல்ல ஒரு நொதியைத் தூண்டி குளோசபினையும் ஓலான்சபினையும் சீக்கிரம் கழிச்சு விடுது. நிகோடின் இல்லை, புகை. ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிக்கிறவருக்கு டாக்டர் ஏத்தி வச்ச டோஸ் அந்தப் புகையைக் கணக்குல வச்ச டோஸ். வார்டுல பீடி கிடையாது. ஒரே வாரத்துல ரத்தத்துல மருந்து ஒண்ணரை மடங்கு, சிலருக்கு ரெண்டு மடங்கு ஏறும். தூங்கி வழியுறது, எச்சில் ஒழுகுறது, தள்ளாடுறது, கடைசியில வலிப்பு. வார்டுல "நல்லா தூங்குறார்"னு எழுதி வச்சிடுவாங்க. அதனால சேர்க்கிற அன்னைக்கே பீடி கணக்கைச் சொல்லணும். டாக்டர்கள் வழக்கமா முதல் வாரத்துல டோஸ்ல கால்வாசி அளவு குறைச்சுப் பார்ப்பாங்க. பீடிக்குப் பதிலா மெல்லுற புகையிலை கொடுத்துச் சமாளிக்கிறதும் இதே கதைதான், ஆசை அடங்கும், புகை இல்லாததால மருந்து ஏறும். வீட்டுக்குப் போய்த் திரும்பக் குடிக்க ஆரம்பிச்சா அளவு கீழ இறங்கி நோய் எட்டிப் பார்க்கும். பீடியை நிறுத்தவே கூடாதுன்னு இதுக்கு அர்த்தம் எடுத்துக்காதீங்க. நிறுத்துறதை டாக்டருக்குச் சொல்லிட்டு நிறுத்தணும், அவ்வளவுதான்.

சிப்ரோஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாடிக் அதே நொதியை மடக்கி குளோசபின் அளவை ஏத்தும். மூத்திர எரிச்சல், பேதின்னு மெடிக்கல் ஷாப்புல கேட்டதும் கையில கொடுக்கிற முதல் மாத்திரை அதுதான். குளோசபின்காரருக்கு வேற ஆன்டிபயாடிக் கேளுங்க. கடுமையான தொற்று வந்தாலே, மருந்து எதுவும் மாத்தாமலேயே குளோசபின் அளவு ஏறும், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

ஆபரேஷன், விபத்துன்னு ஆஸ்பத்திரியில சேர்ந்து குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல தவறிப்போச்சுன்னா பழைய 300 மி.கி.யை அப்படியே திரும்பக் கொடுக்கக் கூடாது. 12.5 மி.கி.யில இருந்து புதுசா தொடங்கணும். இல்லைன்னா பிரஷர் சடார்னு விழும், மூச்சே நிக்கலாம். எலும்பு வார்டுல இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. உங்க ஒரு பக்கத் தாள்ல தடிமனா எழுதுங்க.

---

வைகைக்கரை:

ரொம்ப நன்றி அண்ணே. லித்தியம் பற்றி யாராவது சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, டாக்டர் எழுதின இனாலாப்ரில் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த வீட்டிலேயே இருதுருவக் கோளாறுக்கு லித்தியம் 900 மி.கி. ஓடுகிறது. இரண்டு சீட்டும் இரண்டு இடம். சேர்ந்து சாப்பிடலாமா?

---

இரவுப்பணி:

நல்லவேளை கேட்டீர்கள். லித்தியத்தை உடம்பு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. இனாலாப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான், ஹைட்ரோகுளோரோதையசைடு நான்கும் அந்த வழியைக் குறுக்கும். வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாத்திரையும் ஊசியும் அப்படியே. நாளடைவில் லித்தியம் ரத்தத்தில் சேரும். பிரஷருக்கு அம்லோடிபின், வலிக்குப் பாராசிட்டமால் என்று மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் தொடங்கிவிட்ட இனாலாப்ரிலை வீட்டில் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம். இரண்டு சீட்டையும் சேர்த்துப் போட்டோ எடுத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் நாளைக்கே காட்டி, லித்தியம் அளவும் கிரியேட்டினினும் கேளுங்கள்.

அதோடு கூடவே ஒட்டிவரும் ஆலோசனை ஒன்று இருக்கிறது: "பிரஷர் இருக்கு, உப்பைச் சுத்தமா விடுங்க." லித்தியக்காரர் ஒரே நாளில் உப்பை விட்டால் சிறுநீரகம் உப்பு என்று நினைத்து லித்தியத்தையே பிடித்து வைத்துக்கொள்ளும். குறைப்பதானால் மெல்லக் குறைத்து, நடுவில் அளவு பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் காட்டு வேலை, வாந்தி பேதி, பச்சைத் தண்ணிகூடப் படாமல் விரதம், எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். வாந்தி பேதி என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே, அன்றைய லித்தியத்தைக் கொடுப்பதா என்று போனில் கேளுங்கள். பெரும்பாலும் நிறுத்தி வைக்கத்தான் சொல்வார்கள். கை வெடவெடவென்று நடுங்குவது, நாக்குக் குழறுவது, குடித்தவர் மாதிரித் தள்ளாடுவது, வாந்தி நான்கில் இரண்டு சேர்ந்தால் லித்தியம் விஷமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஊர்க்காரர் "தண்ணி போட்டிருக்கான்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

அளவு பார்க்கும் முறையில் இரண்டு தப்பு நடக்கும். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ராத்திரி 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணி, காலை மாத்திரை ரத்தம் கொடுத்த பிறகு. காலையில் முழுங்கிவிட்டுப் போனால் அளவு பொய்யாக உயரும். இரண்டாவது, பச்சை மூடி ட்யூப். அதில் சில வகையின் உள்ளே பூசியிருப்பதே லித்தியம் ஹெப்பாரின். அதில் எடுத்தால் ரிப்போர்ட் பார்த்து எல்லோரும் அலறுவோம். பொதுவாக 0.6 முதல் 1.0 வரை இருக்க வேண்டும், 1.5 தாண்டினால் ஆபத்து. எல்லா அரசு லேபிலும் இந்த டெஸ்ட் கிடையாது. எங்கே எடுக்கிறார்கள், என்ன கிழமை என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிலையான டோஸில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருதரம். கூடவே கிரியேட்டினினும் தைராய்டு டி.எஸ்.எச்.சும் ஆறு மாதத்துக்கு ஒருதரம்.

---

சட்டப்படி:

டாக்டர் சொன்ன "எழுதிக் கொடுங்க" உத்தி நல்லது. அதற்குப் பின்னால் நிற்கிற சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் பிரிவு 21, உடல்நோய்க்குக் கிடைக்கும் எந்தச் சுகாதார சேவையும் மனநோய் உள்ளவருக்கும் அதே முறையில், அதே அளவில், அதே தரத்தில் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆம்புலன்சைத் தனியாகப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். 108-க்குப் போன் செய்யும்போது "மனநோயாளி" என்று தொடங்காமல் "நெஞ்சு வலி, வியர்க்கிறது, 46 வயது" என்று சொல்லுங்கள், நோயின் பெயர் கேட்டால் மறைக்க வேண்டாம். காப்பீட்டு நிறுவனங்களும் மனநோய்க்கு உடல்நோய் போலவே காப்பீடு தர வேண்டும் என்பது அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு. பிரிவு 25-இல் சிகிச்சை ஆவணங்களைக் கேட்டு வாங்கும் உரிமை இருக்கிறது. அந்த ஒரு பக்கத் தாளைத் தயாரிக்க உதவும்.

புகாரைப் பலர் தப்பான இடத்துக்கு அனுப்புகிறார்கள். அதே சட்டத்தின் பிரிவு 28 மனநல நிறுவனங்களில் நடக்கும் குறைக்கு. பொது ஓ.பி. பார்க்க மறுத்தால் முதலில் அந்த ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர் அல்லது நிலைய மருத்துவ அலுவலர். தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் நலப்பணிகள் இணை இயக்குநரின் கீழ் வருகின்றன, எழுத்துப் புகார் அவருக்கு. மருத்துவக் கல்லூரி என்றால் டீன். 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் புகார் பதியலாம். தேதி, நேரம், ஓ.பி. சீட்டு எண், சொன்ன வார்த்தை. நாலு வரி போதும்.

வரிசையில் நிற்க முடியாதவருக்கு யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 25, சிகிச்சையில் முன்னுரிமை என்று சொல்கிறது, மனநோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. பாதிப்பு 40 சதவீதம் இருந்தால் மற்ற சலுகைகளுக்கும் பயன்படும். மதிப்பீட்டு நாளில் அன்றைக்குப் பார்த்து "தெளிவாத்தானே பேசுறார்" என்று குறைத்துப் போட்டுவிடுவார்கள். குளிப்பது, வேலை, மற்றவரோடு பழகுவது, பேச்சு, இதில் கடந்த இரண்டு வருடத்தில் வீட்டில் என்ன நிலை என்று எழுதி எடுத்துப் போங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் அவர் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். அண்ணன் தம்பி தனிக் கார்டு வாங்கும்போது இவர் பெயர் எதிலும் இல்லாமல் போயிருக்கும். ஆஞ்சியோ செய்ய வேண்டிய நாளில் தெரிந்து பிரயோஜனமில்லை.

---

தாலுகா டியூட்டி:

ஒன்று விட்டுப்போனது. வாந்தி என்று வந்தால் ஊசி போடுகிற இடத்திலேயே மாத்திரைப் பெயரைச் சொல்லுங்கள். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் சாப்பிடுபவருக்கு மெட்டோகுளோபிரமைடு போட்டால் கழுத்து இழுத்துக்கொள்ளும், தாடை கோணும், அதைப் பார்த்து "நோய் முற்றிவிட்டது" என்பார்கள். ஓன்டான்செட்ரான், அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் இதயத்தின் மின்னோட்டத்தை நீட்டிப்பவை. ஹாலோபெரிடாலோடு சேரும்போது ஒரு இ.சி.ஜி. எடுத்துவிட்டுக் கொடுப்பது நல்லது. அந்த நீட்டிப்பைக் காட்டும் க்யூ.டி.சி. என்ற எண் 500 தாண்டினால் வார்டில் சேர்க்க வேண்டும்.

காய்ச்சலோடு உடம்பு மரக்கட்டை போல் விறைத்து, வியர்த்து, குழம்பிப் பேசினால் மாத்திரையால் வரும் கடும் எதிர்வினை, நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டியது. அன்றைக்கு மனநல மாத்திரை எதையும் கொடுக்காமல் கொண்டுவாருங்கள்.

---

வைகைக்கரை:

எல்லாவற்றையும் அச்சடித்துவிட்டேன். கடைசியாக ஒன்று. எடை ஏறியவருக்கு சர்க்கரை இல்லாமலேயே மெட்ஃபார்மின் எழுதியிருக்கிறார் ஒரு டாக்டர். குடும்பம் "சுகர் இல்லாதவனுக்கு சுகர் மாத்திரையா" என்று குப்பையில் போட்டுவிட்டது. ஒரு பக்கத் தாள் எங்கே வைப்பது என்பதும் சிக்கல், வீட்டில் தொலைத்துவிடுகிறார்கள்.

---

இரவுப்பணி:

எழுதியது சரிதான். ஓலான்சபின், குளோசபின் எடை ஏற்றத்துக்கு மெட்ஃபார்மின் கொடுப்பது பல வருட வழக்கம். 2024-இல் வந்த வழிகாட்டுதல் ஒன்று, இந்த இரண்டைத் தொடங்கும்போதே அதையும் சேர்த்துத் தொடங்கலாம் என்கிறது. 500 மி.கி., ராத்திரி சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் போட்டால் வயிறு கலக்கி அதனாலேயே விட்டுவிடுவார்கள். ஒன்றிரண்டு வாரம் பார்த்து ஏற்றுவார்கள். முதலில் கிரியேட்டினின் பார்த்திருக்க வேண்டும், வருடக்கணக்கில் ஓடினால் வைட்டமின் பி12 அளவும். தனியாகக் கொடுத்தால் சுகரைத் தாழ இறக்கிவிடாது, அந்தப் பயத்தைத்தான் குடும்பத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். கூடவே டீ எண்ணிக்கையைக் கேளுங்கள். வாய் காய்கிறது என்று ஒரு நாளைக்கு எட்டு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நடுவில் கலர் பாட்டில். சோற்றைக் குறைக்கச் சொல்வதற்கு முன்னால் அதில் கை வைத்தால் சண்டை குறைவு. பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வாய் காய்ந்தே இருப்பதால் பல்லும் சொத்தையாகும், வருடத்துக்கு ஒருதரம் பல் ஓ.பி.யையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாளை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று மாத்திரை டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டுவதற்கு, ஒன்று ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையில், ஒன்று போட்டோவாக உங்கள் போனிலும் வீட்டில் ஒருவர் போனிலும். மாத்திரை மாறும் கேம்ப் நாளில் பழைய மூன்றையும் கிழித்துவிட்டுத்தான் புதியது. பழைய டோஸ் எழுதிய தாள் ஒன்று டப்பாவிலேயே கிடந்தால் வார்டில் அதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.